ஜேபெக் படச் சுருக்கம் – ஒரு திறனாய்வு

ஜேபெக் என்பது எண்ணிமப் படங்களின் கோப்பு அளவைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட ஒரு சுருக்க முறை. 1992-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட இம்முறை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கைப்பேசி, கணினி, இணையம் ஆகிய எல்லா இடங்களிலும் புழங்கிவருகிறது. ஒருவர் கைப்பேசியில் எடுக்கும் படமும், பள்ளி மாணவர் இணையத்தில் ஏற்றும் சான்றிதழும், நூலகங்கள் வருடி எடுக்கும் பழைய நூலின் பக்கமும் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே சேமிக்கப்படுகின்றன.

படங்களைச் சுருக்கித் தரும் செயலிகளும் இணையதளங்களும் "தரம் குறையாமல் அளவைக் குறைக்கலாம்" என்று கூறுகின்றன. இந்த வாக்கியத்தில் உள்ள "தரம்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஜேபெக் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மனிதக் கண் ஒரு நிழற்படத்தைப் பார்க்கும் விதத்தை அடிப்படையாகக் கொண்டது. எழுத்தைப் படிப்பது வேறு வேலை. இந்த வேறுபாட்டை மறந்து, எழுத்துள்ள ஆவணங்களையும் நூல்களையும் அதே முறையில் சுருக்குவதால், குறிப்பாகத் தமிழ் எழுத்துக்கு நேரும் இழப்பு பெரிது.

தோற்றம்

ஜேபெக்கின் அடிப்படைக் கணிதம் தனித்த கொசைன் உருமாற்றம் எனப்படுகிறது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது இதற்கான ஆய்வுத் திட்டத்தை 1972-இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அளித்தார். நிதி கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொன்னதாக அகமது பின்னாளில் எழுதியுள்ளார். இருந்தும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 சனவரியில் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று உலகில் பகிரப்படும் நிழற்படங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எளிய கணிதத்தின் வழியே வருபவை.

1986-இல் கூட்டு நிழற்பட வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே ஜேபெக் என்ற பெயராயின. 1992-இல் வெளிவந்த தர ஆவணத்தின் தலைப்பையே கவனிக்க வேண்டும். "தொடர்நிற நிலைப்படங்கள்" என்று அது தன் எல்லையைத் தெளிவாகக் குறிப்பிடுகிறது. வானம், முகம், மரம், நிழல் போன்று நிறம் படிப்படியாக மாறும் படங்களே தொடர்நிறப் படங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து அந்த வகையைச் சேராது. ஆக, இம்முறை எதற்கானது என்பதைப் படைத்தவர்கள் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டனர். அதைப் படிக்காமல் பயன்படுத்தியவர்கள் நாம்.

செயல்படும் முறை

ஒரு முறையைக் குறை கூறுவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக் கணிதம் தெரிந்தவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு படம் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளால் ஆனது. 4000 பிக்சல் அகலமும் 3000 பிக்சல் உயரமும் கொண்ட படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே சுருக்காத நிலையில் கோப்பின் அளவு 36 எம்பி. ஜேபெக் முறையில் அது 3 அல்லது 4 எம்பி ஆகிவிடுகிறது. இது நான்கு படிகளில் நிகழ்கிறது.

முதற்படியில், படம் ஒளி அளவாகவும் நிற அளவாகவும் பிரிக்கப்படுகிறது. நம் கண் ஒளி வேறுபாட்டை நுட்பமாகக் காணும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் காணாது. எனவே ஒளி அளவை முழுமையாக வைத்துக்கொண்டு, நிற அளவை நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று குறைத்துக்கொள்ளலாம். இந்தப் படியிலேயே தரவு பாதியாகிவிடுகிறது.

இரண்டாம் படியில், படம் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 மதிப்புகளும் கொசைன் உருமாற்றத்தால் வேறு 64 எண்களாக மாற்றப்படுகின்றன. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி ஒளியைச் சொல்லும். அடுத்தடுத்த எண்கள் மெதுவான மாற்றங்களையும், கடைசி எண்கள் மிக விரைவான மாற்றங்களையும் சொல்லும். வானத்தில் உள்ள ஒரு கட்டத்தில் முதல் சில எண்களைத் தவிர மற்றவை ஏறக்குறைய சுழியாகவே இருக்கும்.

மூன்றாம் படியே இழப்பு நிகழும் இடம். ஒவ்வோர் எண்ணும் ஓர் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுக்கப்பட்டு முழு எண்ணாக்கப்படுகிறது. தர ஆவணத்தில் காட்டப்பட்டுள்ள ஒளி அட்டவணையின் முதல் எண் 16. முதல் வரிசையின் கடைசி எண் 61. கட்டத்தின் முதல் மதிப்பு 180 என்று கொள்வோம். 16-ஆல் வகுத்தால் 11.25; அது 11 ஆகிறது. மீண்டும் விரிக்கும்போது 11 × 16 = 176 கிடைக்கும். நான்கு மட்டுமே குறைகிறது. விரைவான மாற்றத்தைக் குறிக்கும் ஒரு மதிப்பு 23 என்று கொள்வோம். 61-ஆல் வகுத்தால் 0.38, அது சுழியாகிறது. விரிக்கும்போதும் சுழிதான். அந்த நுணுக்கம் அழிந்துவிட்டது; எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது.

நான்காம் படியில், மிஞ்சிய எண்கள் 1952-இல் டேவிட் ஹஃப்மன் வெளியிட்ட குறியாக்க முறையில் அடுக்கப்படுகின்றன. அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியும் தரும் முறை இது. இதில் இழப்பு எதுவும் இல்லை.

நிறைகள்

ஜேபெக்கின் பெருமை அதன் தேர்ந்தெடுக்கும் திறமையில் இருக்கிறது. எதை நீக்கினால் கண் கவனிக்காது என்பதைக் கணித்து, அதை மட்டும் நீக்குகிறது. ஒரு திருமணப் படத்தில் பட்டுச் சேலையின் இழை ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தையும் மூலப் படத்தையும் அடுத்தடுத்து வைத்தாலும் பலருக்கு வேறுபாடு தெரியாது.

இரண்டாவது நிறை, அனைவரும் பயன்படுத்த முடிந்தமை. இணையம் மெதுவாக ஊர்ந்த 1990-களில், ஒரு படம் திரையில் தோன்றுவதற்கு நிமிடக்கணக்கில் காத்திருந்த நாள்களில், படங்களை எல்லாருக்கும் கொண்டுசேர்த்தது இம்முறையே. இன்றும் விலை குறைந்த கைப்பேசி வைத்திருக்கும் கிராமத்து மாணவர் பாடப்புத்தகப் படங்களைத் தரவிறக்க முடிவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது நிறை, நிலைத்தன்மை. 1990-களில் சேமித்த ஜேபெக் கோப்பை இன்றைய எந்தக் கருவியிலும் திறக்கலாம். கணினி உலகில் இது எளிதில் வாய்க்கும் பேறன்று.

தரம் என்னும் எண்

படத்தைச் சேமிக்கும்போது பல மென்பொருள்கள் "தரம்" என்று ஓர் எண்ணைக் கேட்கின்றன. 75 என்று கொடுத்தால் மூலப் படத்தின் தரத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து கிடைக்கும் என்று மாணவர்கள் எண்ணுகின்றனர். தேர்வு மதிப்பெண் போல இதைப் படிப்பது தவறு.

பரவலாகப் பயன்படும் கட்டற்ற ஜேபெக் நிரலகத்தில் 50 என்பது மேலே சொன்ன அட்டவணையை அப்படியே பயன்படுத்து என்று பொருள்படும். 75 என்றால் அட்டவணை எண்களைப் பாதியாக்கு என்று பொருள். 100 என்றால் எல்லா எண்களையும் 1 ஆக்கு என்று பொருள். அப்போதும் முழு எண்ணாக்குவதால் சிறு இழப்பு உண்டு. இன்னொரு மென்பொருளில் இதே அளவுகோல் 0 முதல் 12 வரை இருக்கும். ஒரு மென்பொருளின் 80-ஐயும் மற்றொன்றின் 80-ஐயும் ஒப்பிட முடியாது. எனவே இந்த எண்ணைத் தரம் என்று சொல்வதைவிட, எவ்வளவு கடுமையாக வகுக்க வேண்டும் என்னும் கட்டளை என்று சொல்வதே பொருந்தும்.

தர ஆவணத்திலுள்ள அட்டவணைகள் எடுத்துக்காட்டாகவே தரப்பட்டவை என்பதும் குறிப்பிடத்தக்கது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ஆயினும் பலர் எடுத்துக்காட்டையே விதியாக்கிக்கொண்டனர். நோட்ஸில் உள்ள மாதிரிக் கட்டுரையை எல்லாத் தலைப்புக்கும் எழுதும் மாணவரின் செயலைப் போன்றது இது.

தரத்தை அளக்க ஆய்வாளர்கள் சூத்திரங்களும் வகுத்துள்ளனர். மூலப் படத்துக்கும் சுருக்கிய படத்துக்கும் பிக்சல் பிக்சலாக வேறுபாட்டைக் கணக்கிடுவது ஒன்று. படத்தின் அமைப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும், 2004-இல் வெளிவந்த முறை மற்றொன்று. இவை பயனுள்ளவையே. ஆனால் எந்தப் படங்களை வைத்துச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவும் அமையும். 1973-இல் ஓர் ஆண்கள் இதழிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட, 512 × 512 பிக்சல் அளவுள்ள "லெனா" என்ற பெண்ணின் படமே பல ஆண்டுகள் இத்துறையின் சோதனைப் படமாக இருந்தது. பெண்களை மதிக்கும் சூழலுக்கு அது உகந்ததன்று என்ற எதிர்ப்பு வலுத்து, 2024 ஏப்ரல் முதல் ஐட்ரிபிள்ஈ கணினிச் சங்கம் தன் இதழ்களில் அப்படத்தை ஏற்பதை நிறுத்தியது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதனுடன் இன்னொன்றையும் சேர்க்கலாம். முகத்தையும் தொப்பியையும் வைத்துச் சோதித்துப் பெற்ற தரம், எழுத்துக்கும் தரமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுத்துக்கு நேர்வது

எழுத்தின் விளிம்பு வெள்ளையிலிருந்து கறுப்புக்கு ஒரே தாவலில் மாறுகிறது. இத்தகைய தாவலை விரைவான மாற்றங்களைக் குறிக்கும் எண்களே தாங்கி நிற்கின்றன. ஜேபெக் முதலில் வெட்டுவதும் அவற்றைத்தான். அதனால் எழுத்தைச் சுற்றி மங்கலான அழுக்குப் புள்ளிகள் தோன்றும். மெல்லிய கோடுகள் கரையும். எட்டு பிக்சல் கட்டங்களின் எல்லை வெளியே தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் எழுத்தில் பொருளைத் தாங்கும் உறுப்புகளில் சில மிகச் சிறியவை. மெய்யெழுத்தின் புள்ளி அவற்றில் முதன்மையானது. "கல" என்பதும் "கல்" என்பதும் ஒரு புள்ளியால் வேறுபடுகின்றன. "தென்" என்பதையும் "தேன்" என்பதையும் வேறுபடுத்துவது கொம்பின் தலையிலுள்ள சிறு சுழி. துணைக்காலும் ரகரமும் பல அச்சுகளில் கிட்டத்தட்ட ஒரே உருவம். ரகரத்தின் அடியிலுள்ள சிறு சாய்கோடு தேய்ந்தால் "ர" "ா" ஆகிவிடும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அச்சு நூலில் ஒரு புள்ளியின் குறுக்களவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வருடினால் அப்புள்ளி ஆறு பிக்சல் அகலம் பெறும். 72 பிக்சல் என்று குறைத்தால் ஒன்றரை பிக்சலுக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் கடுமையாகச் சுருக்கினால், வெள்ளைக் கட்டத்தின் நடுவே நிற்கும் சிறு புள்ளியின் செய்தி 64 எண்களிலும் சிறிது சிறிதாகச் சிதறி, ஒவ்வொன்றும் வகுத்தலில் சுழியாகி, புள்ளி வெளிறிப்போகும். படத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கம் நன்றாகவே தோன்றும். படிக்கத் தொடங்கினால்தான் குறை தெரியும்.

நிறத்தைக் குறைப்பதும் இப்படியே. இணையவழித் தேர்வு நடந்த காலத்தில் விடைத்தாள்களைப் படம்பிடித்து அனுப்பியதும், ஆசிரியர்கள் சிவப்பு நிறத்தில் திருத்தித் திருப்பியதும் நினைவிருக்கலாம். நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்று குறைத்த படத்தில் மெல்லிய சிவப்புக் கோடு பக்கத்தில் கசிந்து பழுப்பாகிவிடும். அலுவலக முத்திரையின் ஊதா நிற எழுத்துகளுக்கும் இதே கதி.

மங்கலும் பொய்யும்

சுருக்கத்தால் நேரும் கேடு மங்கலோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு என்பதை 2013 ஆகஸ்டில் செர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் வெளிப்படுத்தினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் வருடி ஒன்றில் கட்டட வரைபடத்தை வருடியபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளின் பரப்பளவும் 14.13 என்றே வெளிவந்தது. வேறு ஆவணங்களில் 6 என்ற எண் 8 ஆக மாறியிருந்தது.

இது ஜேபெக்கால் நேர்ந்ததன்று. ஜேபிக்2 என்ற வேறொரு முறையால் நேர்ந்தது. கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கான அம்முறை, ஒத்த உருவமுள்ள எழுத்துகளை ஒரே அச்சாகக் கருதி, ஒன்றைச் சேமித்து எல்லா இடங்களிலும் அதையே பதிக்கும். ஒப்பிடுவதில் தாராளம் காட்டினால் 6-உம் 8-உம் ஒன்றாகிவிடும். குறைந்த தர அமைப்பில் இவ்வாறு நேரலாம் என்று கையேட்டிலேயே எச்சரித்திருப்பதாக நிறுவனம் முதலில் விளக்கியது. பின்னர் உயர் தர அமைப்பிலும் இது நேர்வது தெரியவந்து, மென்பொருள் திருத்தத்தை வெளியிட்டது.

இந்நிகழ்வு தரும் பாடம் முக்கியமானது. ஜேபெக் தோற்றால் மங்கலாகத் தோற்கும். படிப்பவர் ஐயப்படுவார், மூலத்தைத் தேடுவார். உருவத்தை மாற்றிப் பதிக்கும் முறை தோற்றால் தெளிவாகத் தோற்கும்; படிப்பவர் ஐயப்படவே மாட்டார். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதே தரம் என்று கொண்டால், இரண்டாவது படத்துக்கே அதிக மதிப்பெண் கிடைக்கும். மங்கலான படங்களைச் செயற்கை நுண்ணறிவால் "தெளிவாக்கும்" இன்றைய செயலிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவை இழந்ததை மீட்பதில்லை; இருந்திருக்கக்கூடியதை ஊகித்து வரைகின்றன.

ஏட்டுச் சுவடி காட்டும் பாடம்

எழுதப்பட்டதில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, அதைப் படிப்பவர் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விடுவது தமிழுக்குப் புதிதன்று. ஓலைச் சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் தெளிவாக இருப்பதில்லை. "கொடு" என்பதா "கோடு" என்பதா என்பதைப் பொருளும் யாப்பும் அறிந்து படிப்பவர் முடிவு செய்ய வேண்டும். அக்கால வாசகருக்கு அது போதுமானதாக இருந்தது. நூலை ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்களுக்கு ஏடு ஒரு நினைவுக் குறிப்பு.

பாடம் கேட்கும் மரபு அறுந்தபின் சிக்கல் தொடங்கியது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், பல ஊர்களிலிருந்து பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, சரியான வடிவத்தைத் தேட வேண்டியிருந்தது. எழுதியவர் விட்டதை நிரப்ப வேண்டிய சுமை பின்வந்தவர் தலையில் விழுந்தது. சுருக்கம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட வாசகரை மனத்தில் கொண்டே செய்யப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அந்த வாசகர் மாறும்போது, நேற்றுப் போதுமாக இருந்தது இன்று போதாமல் போகும்.

இன்றைய புதிய வாசகர் மனிதரல்லாதவராகவும் இருக்கலாம். வருடிய பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள்களே அவை. விக்கிமூலம் போன்ற திட்டங்களில் எழுத்துணரி தந்த பாடத்தைத் தன்னார்வலர்கள் வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்துவருகின்றனர். பக்கத்தின் படம் நன்றாக இருந்தால் அவர்களது உழைப்புப் பாதியாகும். புள்ளி தேய்ந்த படமாக இருந்தால், எழுத்துணரி தவறாகப் படிப்பதோடு, சரிபார்க்கும் மனிதருக்கும் சான்று இல்லாமல் போகும். அமில மிகுந்த மலிவுத் தாளில் அச்சிட்ட நூல்கள் மடித்தாலே உடையும் நிலையில் உள்ளன. தாள் உதிர்ந்தபின் வருடிய கோப்பே அந்த நூலின் ஒரே படியாக நிற்கும். 20 எம்பி மிச்சமாகிறது என்று இன்று வெட்டும் நுணுக்கத்தை நாளை எவராலும் மீட்க முடியாது.

கேபி வரம்பு என்னும் வழக்கம்

இணையவழி விண்ணப்பங்களில் நிழற்படம் 20 முதல் 50 கேபி வரை இருக்க வேண்டும், சான்றிதழ் 200 கேபி-க்குள் இருக்க வேண்டும் என்பன போன்ற வரம்புகளை மாணவர்கள் அடிக்கடி காண்கின்றனர். வரம்பு வைப்பதில் தவறில்லை. லட்சக்கணக்கானோரின் கோப்புகளைச் சேமிக்க வேண்டிய இடத்தில் அது தேவையே. ஆனால் எத்தனை பிக்சல், நிறமா கறுப்பு வெள்ளையா என்று வழிகாட்டாமல் கேபி-யை மட்டும் சொல்வது அரைகுறை விதி.

கணக்கு இதைத் தெளிவாக்கும். கடவுச்சீட்டு அளவு நிழற்படம் 35 × 45 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 413 × 531 பிக்சல். சுருக்காத அளவு சுமார் 658 கேபி. அதை 50 கேபி ஆக்குவது பதின்மூன்றில் ஒரு பங்காக்குவது. முகத்துக்கு இது தாங்கும். ஏ4 அளவுச் சான்றிதழ் அதே அடர்த்தியில் 2480 × 3508 பிக்சல். வண்ணத்தில் சுருக்காத அளவு சுமார் 26 எம்பி. அதை 200 கேபி ஆக்கினால் நூற்று முப்பதில் ஒரு பங்கு. எழுத்து சிதைவதில் வியப்பில்லை. அதே பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 8.7 எம்பி, சுருக்க வேண்டியது நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. தூய கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சுமார் 1.1 எம்பி, ஐந்தில் ஒரு பங்காக்கினால் போதும்.

கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கென்று தொலைநகல் காலத்தில் உருவான "குரூப் 4" என்ற இழப்பில்லா முறை உள்ளது. தெளிவான அச்சுப் பக்கம் ஒன்றைப் பல நேரங்களில் 100 கேபி-க்குள் அடக்கிவிடும். ஒரு புள்ளிகூட அழியாது. ஆக, சிறிய கோப்பும் முழுத் தெளிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எழுத்துக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுக்காததே குறை. மங்கிய, கறைபடிந்த பழைய தாளுக்கு மட்டும் கறுப்பு வெள்ளை பொருந்தாது. வெளிறிய மையும் கறையும் ஒன்றாகிவிடும். அத்தகைய பக்கங்களைச் சாம்பல் நிறத்திலோ வண்ணத்திலோதான் எடுக்க வேண்டும்.

மாற்று முறைகள்

1987-இல் வந்த ஜிஃப் வடிவம் 256 நிறங்களுக்குள் கட்டுப்பட்டது. அதன் காப்புரிமைச் சிக்கலால் பிறந்த பிஎன்ஜி 1996-இல் தரமாக்கப்பட்டது. இது இழப்பில்லாதது. திரைப்பிடிப்பு, வரைபடம், கணினியில் தட்டச்சிட்ட அறிவிப்பு ஆகியவற்றுக்கு ஜேபெக்கைவிட மிகப் பொருத்தமானது. பல நேரங்களில் கோப்பும் சிறிதாகவே இருக்கும். நிழற்படத்துக்கு இதைப் பயன்படுத்தினால் கோப்பு பெரிதாகும்.

கூகுள் 2010-இல் வெளியிட்ட வெப்பி, 2019-இல் வந்த ஏவிஃப் ஆகியவை ஜேபெக்கைவிடச் சிறிய கோப்பைத் தருகின்றன. ஆனால் கடுமையாகச் சுருக்கும்போது இவை கட்டங்களைக் காட்டாமல் நுணுக்கங்களை வழவழப்பாக்கிவிடுகின்றன. பழைய ஜேபெக்கின் சிதைவு கண்ணில் பட்டது; புதியவற்றின் சிதைவு ஒப்பனை போட்டுக்கொண்டு வருகிறது. ஜேபெக் எக்ஸ்எல் என்ற முறை, பழைய ஜேபெக் கோப்பின் அளவில் மேலும் இழப்பின்றி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, வேண்டும்போது பழைய கோப்பை அப்படியே மீட்டுத் தரவல்லது. ஆவணக் காப்பகங்கள் கவனிக்க வேண்டிய முறை இது.

மாணவர்களுக்குச் சில வழிகாட்டுதல்கள்

1. மூலக் கோப்பை எப்போதும் தனியே வைத்திருங்கள். சுருக்கியது படி மட்டுமே.

2. ஒரு ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போது, வகுத்து முழு எண்ணாக்கும் வேலை மறுபடியும் நடக்கலாம். பல முறை திருத்துவதாக இருந்தால் இடையில் பிஎன்ஜி வடிவில் சேமித்து, கடைசியில் ஒரு முறை மட்டும் சுருக்குங்கள்.

3. தர எண்ணைக் குறைப்பதற்கு முன், தேவைக்கு மேல் உள்ள பிக்சல்களைக் குறையுங்கள். திரையில் 1000 பிக்சல் அகலத்தில் காட்டப்போகும் நிழற்படத்துக்கு 4000 பிக்சல் தேவையில்லை. நூல் பக்கத்துக்கு இந்த விதி பொருந்தாது. அதில் அங்குலத்துக்கு 300 பிக்சலுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

4. செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் செயலி தானே சுருக்கிவிடும். சான்றிதழையும் நூல் பக்கத்தையும் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

5. சுருக்கியபின் படத்தை முழுத்திரையில் பார்த்து நிறைவடைய வேண்டாம். பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்துள்ள வரியைப் படித்துப் பாருங்கள். புள்ளியும் கொம்பின் சுழியும் தெரிந்தால் அந்தச் சுருக்கம் ஏற்கத்தக்கது.

மதிப்பீடு

ஜேபெக் மீது வைக்கும் குறைகளில் பாதி, அதைத் தவறான இடத்தில் பயன்படுத்துவோர் மீது வைக்க வேண்டியவை. தன் எல்லையைத் தலைப்பிலேயே சொன்ன ஒரு முறையை, எல்லாப் பொருளுக்கும் உரியதாக்கியது மென்பொருள் செய்தவர்களின் வசதியும் பயன்படுத்துவோரின் பழக்கமும். ஆயினும் அம்முறை மீதும் ஒரு குறை நிற்கவே செய்கிறது. எவ்வளவு இழந்தோம் என்பதைப் பயனருக்கு அது சொல்வதில்லை. தரம் என்ற பெயரில் ஓர் எண்ணைக் கேட்கும் செயலிகள், அந்த எண்ணால் என்ன அழியும் என்பதைக் காட்டுவதில்லை. வாங்கும் பொருளின் எடையைச் சொல்லி, கழிவைச் சொல்லாத தராசு அது.

தரம் குறையாமல் சுருக்குதல் என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளில்லை. யார் பார்க்க, எதற்காகப் பார்க்க என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தபின்தான் தரம் என்ற சொல் பொருள் பெறுகிறது. ஊருக்கு அனுப்பும் பிறந்தநாள் படத்துக்கு 200 கேபி தாராளம். நூறாண்டுப் பழைய நூலின் கடைசிப் படிக்கு 20 எம்பி அதிகமில்லை. இவ்விரண்டையும் ஒரே தர எண்ணால் சேமிப்பவர் முதலாவதில் இடத்தை வீணாக்குகிறார், அல்லது இரண்டாவதில் நூலை வீணாக்குகிறார். வீணான இடத்தை நாளை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.